தகரக் கொட்டில்வரை போன தடம்

குசினி யன்னலில் பனி உட்பக்கமாகப் பூத்திருந்தது. வசந்தினி நகத்தால் சுரண்டி ஓர் ஓட்டை செய்து, அதற்குள்ளால் பின்வளவைப் பார்த்தாள். புல் முழுக்க வெள்ளையாக விறைத்துக் கிடந்தது. அந்த வெள்ளையில், பின்கதவிலிருந்து தகரக் கொட்டில்வரை ஒருவர் போய்த் திரும்பிய தடம் மட்டும் கரும்பச்சையாகத் தெரிந்தது.

நேற்றும் அப்படித்தான். முந்தநாளும் அப்படித்தான்.

தடம் அவளுடைய புருசன் யசோதரனுடையது அல்ல. அவனுக்குப் பெரிய கால். தவிர, காலையில் படுக்கையிலிருந்து கார்வரை அவனைத் தள்ளிக்கொண்டுதான் போகவேண்டும். கொட்டிலைச் சுற்றிப் பார்த்துவிட்டு வருகிற ஆள் இல்லை. மிஞ்சுவது பின்னறையில் தங்கியிருக்கிற தேவராஜா.

அவள் உடுப்புத் தோய்க்கிற அறைக்குப் போனாள். தொட்டிக்கு மேலிருந்த குழாய் நூல்போல ஒழுகிக்கொண்டிருந்தது. அதுவும் நேற்றுப்போலத்தான். இறுக்கிப் பூட்டினாள். ஊர்த் தண்ணீர் வராத வீடு இது. கூரையில் விழுகிற மழையைத் தாங்கியில் பிடித்து, பம்பு வைத்து இழுத்துத்தான் குடிப்பதும் குளிப்பதும். கடைசி மழை பெய்து ஐந்து கிழமையாகிறது. விடிய விடிய ஒழுகவிட அந்த மனுசனுக்கு எப்படி மனம் வருகிறது?

வீடு, சிட்னியிலிருந்து வடக்கே ஏழு மணித்தியாலக் கார் ஓட்டத்தில், கைரா என்ற சிற்றூருக்கு வெளியே இருந்தது. சிட்னி ஹோம்புஷில் வீட்டைக் காலிசெய்த அன்று, பக்கத்து வீட்டு இராஜேஸ்வரி அன்ரி வந்து, அடுக்கிய ஸ்வெற்றர்களைப் பெட்டியிலிருந்து எடுத்து வெளியே வைத்தார்.

"வடக்கெண்டா வெக்கை பிள்ளை. இதுகளைச் சுமந்துகொண்டு போய் என்ன செய்யப்போறாய்?"

அன்ரி சொன்ன வடக்கு வேறு. இது மலைக்கு மேலே இருக்கிற வடக்கு. இங்கே குளிர்காலமான யூலை மாதத்துக் காலைகளில் பூச்சியத்துக்குக் கீழே ஏழு, எட்டு. தேங்காயெண்ணெய் போத்தலுக்குள் மெழுகாகிவிடும். கொடியில் மறந்துபோய் விட்ட காற்சட்டை மறுநாள் பலகைபோல விறைத்து நிற்கும். வீடு முழுவதற்கும் சூடு என்று இருந்தது கூடத்தில் நின்ற ஒரு விறகு ஹீற்றர் மட்டும்தான். வசந்தினி கதவடிகளில் பழைய துவாய்களைச் சுருட்டி வைத்தாள். கூடத்திலிருந்து உள்ளே போகிற வாசலில் ஒரு பெட்ஷீற்றைத் தொங்கவிட்டாள். இரண்டு காலுறை, அதற்கு மேல் யசோதரனின் காலுறை, தலையில் கம்பளித் தொப்பி. தொப்பியோடு நின்று தோசை சுட்டாள். மா புளிக்காது; அதனால் கரைத்த மாவை ஹீற்றருக்குப் பக்கத்தில் வைத்து, மண்ணிறக் கம்பளி ஒன்றால் சுற்றிவைப்பாள்.

அந்தக் கம்பளியை ஒரு கிழமையாகக் காணவில்லை.

அவர்கள் இங்கே வந்ததற்குக் காரணம் விசா. சிட்னிக்கு வெளியே இரண்டு வருடம் வாழ்ந்து வேலை செய்தால் நிரந்தரமாகக் கிடைக்கும். இன்னும் ஏழு மாதம் இருந்தது. யசோதரன் தக்காளி வளர்க்கிற ஒரு பெரிய கண்ணாடிக்கூடத்தில் வேலை செய்தான். வெளியே உறைந்தாலும் உள்ளே தக்காளிக்கு எப்போதும் இருபது பாகை. "தக்காளியாப் பிறந்திருக்கலாம்," என்று வசந்தினி சொல்வாள். யாழ்ப்பாணத்தில் பௌதிகம் படித்தவள் அவள். சிட்னியில் ஒரு ஆய்வுகூடத்தில் இருந்த வேலையை விட்டுவிட்டு வந்து, இப்போது பகல் முழுவதும் வீட்டில் தனியே இருந்தாள். கார் ஒன்றுதான். அதை யசோதரன் கொண்டுபோய்விடுவான்.

தேவராஜா வந்து ஆறு கிழமை. நாற்பத்தைந்து வயதிருக்கும். படகில் வந்தவர். இரண்டு வருடத்துக்கு மேல் தடுப்பில் வைத்திருந்து, கடைசியில் வில்லாவுட் முகாமிலிருந்து பிரிட்ஜிங் என்ற தற்காலிக விசாவில் வெளியே விட்டிருந்தார்கள். வெளியே வருகிற ஆட்களுக்கு வீடும் வேலையும் பார்த்துக் கொடுக்கிற, சிட்னி பிளாக்டவுன் சிறிதரன்தான் யசோதரனிடம் கேட்டார். கண்ணாடிக்கூடத்தில் ஆள் தேவைப்பட்டது. பின்னறை சும்மா கிடந்தது. தேவராஜாவுக்கு வாகனம் ஓட்டத் தெரியாது; இந்த வீட்டில் இடமில்லையென்றால் இந்த வேலையும் இல்லை. வேலையென்றால், வவுனியாவில் இருக்கிற மனைவிக்கும் மகளுக்கும் அதுதான் சோறு. இதெல்லாம் வசந்தினிக்குத் தெரியும். தெரிந்ததாலேயே அவரைப் பற்றி வாய் திறக்கத் தயங்கினாள்.

ஆறு கிழமையாக அவளும் அவரும் நேருக்கு நேர் ஒரு வசனம் பேசியதில்லை. புருசன் முன்னால் இருக்கும்போதுகூட, பேச்சு அவனைச் சுற்றிக்கொண்டுதான் போகும்.

"இன்னும் சோறு வேணுமோ எண்டு அவரைக் கேளுங்கோ," என்பாள், மேசைக்கு அந்தப் பக்கத்தில் தேவராஜா இருக்கத்தக்கதாக.

"காணும் எண்டு சொல்லும் தம்பி," என்பார் அவர், சோற்றுக் கோப்பையைப் பார்த்துக்கொண்டு.

யசோதரன் இரண்டு பக்கமும் திரும்பாமல் சாப்பிடுவான். அவன் வீட்டில் இல்லாத நேரத்தில் தேவராஜா கூடத்துக்கு வரமாட்டார். அவருடைய ஓய்வு நாள் செவ்வாய். அன்று பகல் முழுவதும் சூடில்லாத பின்னறையில் கிடப்பார், அல்லது பின்வளவில் நடப்பார். அவள் கண்ட செவ்வாய்களில் கூடுதலாகக் கொட்டில் பக்கம்தான் நடந்தார்.

அன்று மாலை யசோதரன் குளித்துவிட்டு வந்ததும், குசினிக் கதவைச் சாத்திவிட்டு மெதுவாகக் கேட்டாள்.

"இஞ்சருங்கோ, அந்தாள் ஏன் ஒவ்வொரு நாளும் பைப்பைத் திறந்துவிட்டிட்டுப் படுக்கிறார்?"

"எந்தப் பைப்?"

"தோய்க்கிற இடத்தில. நான் பூட்டப் பூட்டத் திறக்கிறார்."

"மறந்திருப்பார்."

"ஒவ்வொரு நாளுமோ?"

"சரி, கேக்கிறன்." அவன் கைத்தொலைபேசியில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தான்.

"என்ர கம்பளியையும் காணேல்ல. விடியக் காலமை சுடுதண்ணிப் போத்தலை நிரப்பிக்கொண்டு பின்னால போறார். வரேக்க வெறும் போத்தல். பழைய பேப்பர் அடுக்கினதில பாதி இல்லை."

"குளிருக்கு எரிக்கிறாராக்கும். வசந்தி, நீ தனிய இருந்து கனக்க யோசிக்கிறாய்."

அவன் கேட்கப்போவதில்லை என்று அவளுக்குத் தெரிந்தது.

மறுநாள் அன்ரி தொலைபேசியில் வந்தார். அன்ரிக்குச் செய்தி சொல்லாவிட்டால் செமியாது.

"உனக்குத் தெரியுமே, பிளாக்டவுனில ஒரு பெடியன் குடுத்த விலாசத்தில இல்லையாம். ஆள் மாறிட்டான். தமிழாக்களின்ர வீடுவீடா வந்து விசாரிக்கினமாம். வைச்சிருக்கிற ஆக்களுக்கும் கரைச்சலாம்."

"எங்க போயிருப்பான் அன்ரி?"

"ஆர் கண்டது? எங்கையாவது காட்டுக்க, குளிருக்க, ஆரும் தெரிஞ்ச ஆக்களோட ஒளிச்சிருப்பான். பாவம் எண்டு பாத்தா எங்கட தலையில விடியும்."

தொலைபேசியை வைத்துவிட்டு வசந்தினி நெடுநேரம் ஹீற்றருக்கு முன்னால் நின்றாள். கம்பளி. சுடுதண்ணீர். பேப்பர். காலையில் ஒருதரம் போய் வருகிற தடம். ஒழுகுகிற குழாய்க்கு மட்டும்தான் இதில் இடம் கிடைக்கவில்லை. அதையும் யோசித்தாள். குழாய்ச் சத்தம் இருந்தால் பின்கதவு திறக்கிற சத்தம் கேட்காது. ஆம், அதுவாகத்தான் இருக்கும்.

அன்றே சீனிப் பேணியில் ஒரு கோடு போட்டாள். பாண் துண்டுகளை எண்ணிவைத்தாள். கோதுமை மாப் பையின் வாயை ஒரு தனிமாதிரி மடித்துவைத்தாள். மூன்று நாள் பார்த்தாள். சீனி கோட்டிலேயே நின்றது. பாண் குறையவில்லை. மடிப்பும் கலையவில்லை. ஆய்வுகூடத்தில் என்றால் அவள் தன் ஊகம் பிழை என்று எழுதியிருப்பாள். இங்கே, ஆள் எவ்வளவு கவனமாக எடுக்கிறார் என்று நினைத்தாள்.

செவ்வாய்க்கிழமை, வேலியோரத்தில் நின்று தேவராஜா தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தார். அவருடைய கைத்தொலைபேசிக்கு அங்கேதான் சிக்னல் வரும். அவள் உடுப்புக் காயப்போட வெளியே வந்ததும் குரலைத் தாழ்த்தினார். பிறகு பேச்சையே நிறுத்திவிட்டு, நிலத்தைப் பார்த்துக்கொண்டு தன் அறைக்குப் போய்விட்டார்.

புதன்கிழமை பதினொரு மணிக்கு வெயில் ஏறிப் பனி கரைந்ததும், வசந்தினி ஹீற்றர் கிளறுகிற இரும்புக் கம்பியை எடுத்துக்கொண்டு கொட்டிலுக்குப் போனாள். இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அதற்குள் அவள் எட்டிப் பார்த்ததில்லை. பாம்பு இருக்கும் என்று வீட்டுச் சொந்தக்காரர் முதல் நாளே சொல்லியிருந்தார். கதவு கம்பியால் முறுக்கிக் கட்டப்பட்டிருந்தது. முறுக்கு புதியது. தகரங்கள் சேராத இடத்தில் கண்ணை வைத்துப் பார்த்தாள்.

இருட்டு. பிறகு மெல்ல மெல்லத் தெரிந்தது. அவளுடைய மண்ணிறக் கம்பளி. அதைப் போர்த்துக்கொண்டு, சுவரில் சாய்ந்து, குந்தியிருந்த உருவம்.

வீட்டுக்கு ஓடியதும், கதவைத் தாழிட்டதும், அன்ரியின் இலக்கத்தை அழுத்தியதும் எந்த ஒழுங்கில் நடந்தன என்று பிறகு அவளால் சொல்லமுடியவில்லை.

"அன்ரி, கொட்டிலுக்க ஆரோ இருக்கினம்."

"என்ன பிள்ளை சொல்லுறாய்?"

"போத்துக்கொண்டு இருக்கு. தேவராஜா அண்ணைதான் வைச்சிருக்கிறார். நீங்கள் சொன்ன பெடியன்தானோ தெரியேல்ல."

"கடவுளே! பொலிசுக்கு அடிச்சிடாதை, உங்கட விசாவும் போயிடும். கதவைப் பூட்டிக்கொண்டு இரு. நான் சிறிதரனுக்குச் சொல்லுறன்."

அவள் பூட்டிக்கொண்டு இருந்தாள். அரை மணித்தியாலம் போயிற்று. கொட்டில் பக்கத்தில் ஒரு அசுமாத்தமும் இல்லை. குசினியில் கை கழுவத் தண்ணீரைத் திறந்தபோது, பின்வளவில் பம்பு உறுமுவது கேட்டது. அந்த உறுமல் கொட்டிலுக்குள்ளிருந்து வந்தது. ஒன்றரை வருடமாக ஒவ்வொரு நாளும் கேட்ட சத்தம்.

அவள் கம்பி வெட்டுகிற குறட்டை எடுத்துக்கொண்டு திரும்பப் போனாள். கம்பியை வெட்டினாள். கதவைக் காலால் தள்ளினாள். உருவம் அசையவில்லை. இரும்புக் கம்பியால் கம்பளியின் விளிம்பைத் தூக்கினாள்.

பம்பு. அதோடு ஒட்டிய உருண்டையான இரும்புத் தாங்கி. இரண்டையும் சுற்றிப் பேப்பர் அடைத்து, மேலே கம்பளி போர்த்து, கயிற்றால் வரிந்து கட்டியிருந்தது. குழந்தைக்குக் கட்டுவதுபோல, காற்றுப் புகாமல்.

பயம் போன இடத்தில் கோபம் வந்தது. கம்பளி சூட்டைத் தராது. இருக்கிற சூட்டைத்தான் காக்கும். மனிதருக்குச் சூடு இருக்கிறது, புளிக்கிற மாவுக்கு இருக்கிறது. இரும்புக்கு ஏது? பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்குத் தெரியும். ஒரு யந்திரத்துக்குக் குளிரும் என்று தன் நல்ல கம்பளியை எடுத்துக் கிறீஸ் பூசிவைத்திருக்கிற மனுசனின் தலைக்குள் என்ன இருக்கிறது?

கம்பளியை உருவி எடுத்து, அன்ரிக்கு மறுபடி அழைத்தாள்.

"அன்ரி, ஆக்கள் ஒருத்தரும் இல்லை. அந்தாள் பம்புக்குக் கம்பளி போத்திவிட்டிருக்கிறார்."



"ஐயோ பிள்ளை. அப்ப இது அதைவிட மோசமெல்லே?"

"என்ன அன்ரி?"

"கனகாலம் உள்ளுக்க இருந்த ஆக்கள். மண்டை பிழைச்சுத்தான் வெளியில வருகினம். நீ பகல்ல தனிய. சிறிதரனுக்குச் சொல்லிப்போட்டன், சனிக்கிழமை வந்து கூட்டிக்கொண்டு போகச் சொல்லுறன். பிளாக்டவுனில ஒரு அறை இருக்காம்."

வேண்டாம் என்று வசந்தினி சொல்லவில்லை.

கம்பளியைத் தோய்த்து, வீட்டின் மறுபக்கக் கொடியில் போட்டாள். அன்று தக்காளி பிடுங்குகிற வேலை கூடுதல். ஆண்கள் இருவரும் இருட்டியபிறகுதான் வந்தார்கள். சாப்பிட்டு முடித்ததும் தேவராஜா வழமைபோலத் தோய்க்கிற அறைக்குப் போனார், வந்தார், படுக்கப் போனார். அவருடைய கதவு சாத்துகிற சத்தம் கேட்டதும் வசந்தினி போய் குழாயைப் பூட்டினாள். கையால் பூட்டி, பிறகு குறட்டால் ஒரு முறுக்கு முறுக்கினாள்.

"சனிக்கிழமை சிறிதரன் அண்ணை வாறார், அவரைக் கூட்டிக்கொண்டு போக," என்று யசோதரனிடம் சொன்னாள்.

"ஏன்?"

அவள் சுவரைக் காட்டினாள். பலகைச் சுவர். அந்தப் பக்கம் இருமினால் இந்தப் பக்கம் கேட்கும். "நாளைக்குச் சொல்லுறன்."

அந்த இரவு பூச்சியத்துக்குக் கீழே ஒன்பதுக்குப் போனதாகப் பிறகு வானொலியில் சொன்னார்கள்.

காலையில் எந்தக் குழாயிலும் தண்ணீர் இல்லை. பின்வளவில் ஆண்கள் பேசுகிற சத்தம் கேட்டு அவள் தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு வெளியே போனாள். கொட்டில் கதவு திறந்து கிடந்தது. பம்பின் இரும்பு, பழுத்த வெள்ளரிப்பழம்போல நெடுக்காக வெடித்திருந்தது. வெடிப்புக்குள் பனிக்கட்டி பளபளத்தது. தேவராஜா கையில் சுடுதண்ணிப் போத்தலோடு நின்றார். வெட்டப்பட்ட கம்பித் துண்டைக் குனிந்து எடுத்துப் பார்த்தார். பிறகு தலையைத் திருப்பினார். வீட்டின் மூலைக்கு அப்பால், கொடியில், கம்பளி கதவுப் பலகைபோல நின்றது.

அவர் போத்தலைக் கொட்டில் வாசலில் வைத்துவிட்டுக் காரடிக்குப் போனார்.

"ஐயையோ," என்றான் யசோதரன். தலையில் கைவைத்துக்கொண்டு நின்றான். "வசந்தி, இது என்ர பிழை."

"என்ன உங்கட பிழை?"

"சூப்பர்வைசர் சொன்னவர். போன மாசம், சாப்பாட்டு நேரம். போன வருசத்தைவிட இந்த வருசம் குளிர் கூட, பம்ப் வெடிக்கும், போத்திக் கட்டுங்கோ, ஒரு பைப்பை ஒழுக விடுங்கோ, காலமை குழாய்க்குச் சுடுதண்ணி ஊத்துங்கோ எண்டு. அண்ணை தான் பாக்கிறன் எண்டார். வீட்டில தங்கச்சிக்குச் சொல்லிவிடும், கம்பளி ஒண்டு எடுக்கிறன் எண்டு கேட்டுவிடும் எண்டு சொன்னவர். நான் சொல்லுறன் எண்டனான்."

"சொல்லேல்ல."

"மறந்திட்டன்."

அவர்கள் போனபிறகு அவள் வெடித்த பம்பின் முன்னால் குந்தியிருந்தாள். குழாய் ஒழுகினால் அமுக்கம் குறையும். குறைந்தால் பம்பு இடைக்கிடை தானாக ஓடும். ஓடுகிற மோட்டர் சுடும். கம்பளி அந்தச் சூட்டைக் காக்கும். இரும்புக்கு ஏது சூடு என்று கேட்டவள், பௌதிகத்தில் முதல் வகுப்பு.

மத்தியானம் வீட்டுக்காரர் வந்து வெடித்த பம்பைப் பார்த்துத் தலையாட்டினார். மாலைக்குள் வேறொன்று பூட்டிவிட்டுப் போனார். அதுவரை அவள் பக்கத்துப் பண்ணையிலிருந்து வாளியில் தண்ணீர் சுமந்தாள்.

வெள்ளிக்கிழமை அன்ரிக்கு அழைத்தாள்.

"அன்ரி, நான் சொன்னது எல்லாம் பிழை. பம்புக்குப் போத்திறது இஞ்ச வழமையாம். அவர் எங்கட நன்மைக்குத்தான் செய்தவர். நான்தான் கம்பளியை எடுத்து பம்பை வெடிக்கப் பண்ணினனான். சிறிதரன் அண்ணையை வரவேண்டாம் எண்டு சொல்லுங்கோ."

அன்ரியின் குரல் ஒரேயடியாகத் தாழ்ந்தது.

"அந்தாள் பக்கத்தில நிக்கிறாரோ?"

"இல்லை அன்ரி. வேலைக்குப் போட்டார்."

"சரி, சரி. ஓம், இல்லை எண்டு மட்டும் சொல்லு. வெருட்டினவரோ?"

"இல்லை! நான்தான்..."

"பம்பை வெடிக்க வைச்சதும் அவர்தானோ?"

"அன்ரி, நான் சொல்லுறதைக் கேளுங்கோ."

"எனக்கு விளங்குது பிள்ளை. நீ ஒண்டுக்கும் யோசியாதை. சிறிதரன் நாளைக்கு வருவார். அவர் விசாரிச்சவர், வில்லாவுட் முகாமில இருக்கேக்கையே தனக்கு அந்தாளில ஒரு சந்தேகம் எண்டு சொன்ன ஆளும் இருக்காம்."

வசந்தினி தொலைபேசியைப் பார்த்துக்கொண்டே நின்றாள். புதன்கிழமைவரை இந்த உலகத்தில் தேவராஜாவைச் சந்தேகித்தது அவள் ஒருத்திதான்.

அன்று மாலை தேவராஜாவின் அறைக் கதவு திறந்து கிடந்தது. அவர் உடுப்புகளை ஒரு பையில் அடுக்கிக்கொண்டிருந்தார். சிறிதரன் அவரோடு பேசிவிட்டார் போலும். யசோதரன் கூடத்தில் ஹீற்றருக்கு விறகு வைப்பதுபோல முதுகைக் காட்டிக்கொண்டிருந்தான். வசந்தினி அவனைப் பார்த்தாள். வழமைபோல அவனிடம் சொல்லிச் சொல்லுவிக்கலாம். அவள் வாசலில் தொங்கிய பெட்ஷீற்றை விலக்கிக்கொண்டு போய், அறை வாசலில் நின்றாள். 

"அண்ணை."

அவர் நிமிர்ந்தார். அவள் தன்னைத்தான் கூப்பிட்டாள் என்று விளங்க அவருக்குக் கொஞ்சநேரம் எடுத்தது.

"என்னில பிழை. எனக்குத் தெரியாமப் போச்சு. நான் நினைச்சன்..." என்ன நினைத்தாள் என்று சொல்ல வாய் வரவில்லை. "நீங்கள் போகவேண்டாம்."

"எனக்கும் ஒண்டு சொல்லக் கிடக்கு தங்கச்சி," என்றார் அவர், சேட்டை மடித்துக்கொண்டே. "நானும் உங்களைப் பற்றி நினைச்சனான். நான் திறக்கத் திறக்க நீங்கள் பூட்டுறியள். சரி, வாய் திறந்து போ எண்டு சொல்ல ஏலாம, இப்பிடிச் சொல்லுறா எண்டு நினைச்சனான். நேற்று பம்பைப் பாத்தவுடன அதை உறுதிப்படுத்தினனான்."

"சத்தியமா இல்லை அண்ணை."

"இப்ப தெரியுது." அவர் கட்டில் விளிம்பில் இருந்தார். "ஆனா பாருங்கோ. நாளைக்கு நான் சிறிதரனோட போனா, நீங்கள் சொன்னது உண்மையெண்டாயிடும். ஆள் மண்டை பிழைச்ச விசரன் எண்டது. போகாம நிண்டா, உங்களை வெருட்டி வைச்சிருக்கிறன் எண்டாயிடும். நான் எந்தப் பக்கத்தால போறது?"

யசோதரன் உள்ளே வந்து, "அண்ணை, நான் சிறிதரனோட கதைக்கிறன்," என்றான்.

"நீர் கதைச்சது காணும் தம்பி," என்றார் தேவராஜா. சிரிக்காமல்தான் சொன்னார். ஆனால் யசோதரன் வெட்கத்தோடு சிரித்துவிட்டான். அவரும் ஓரமாகச் சிரித்தார்.

சனிக்கிழமை மத்தியானம் சிறிதரனின் கார் படலையடியில் வந்து நின்றது. விடியமுன் வெளிக்கிட்டு ஓட்டிவந்த களைப்பு முகத்தில் தெரிந்தது. அவர் இறங்குமுன் வசந்தினி படலைக்குப் போய்விட்டாள். யசோதரனை வரவேண்டாம் என்று சொல்லியிருந்தாள். அந்நிய ஆண் ஒருவரோடு, வீதியில் தனியே நின்று, தானாகப் பேச்சைத் தொடங்கியது அவளுக்குத் தெரிய இதுதான் முதல் தடவை.

சொன்னாள். தடம், குழாய், சீனிப் பேணியின் கோடு, கொட்டில், குறடு, எல்லாம். ஒன்றையும் மறைக்கவில்லை. சிறிதரன் கேட்டுக்கொண்டே அவளுடைய தோளுக்கு மேலால் வீட்டைப் பார்த்தார். விறாந்தையில் தேவராஜா பையோடு நின்றார்.

"தங்கச்சி, காருக்குள்ள ஏறி இருந்து சொல்லுங்கோ. கண்ணாடியை ஏத்திவிடுறன். அங்க கேக்காது."

"கேட்டாப் பரவாயில்லை அண்ணை. நான் உரத்தே சொல்லுறன்."

"இல்லை, நான் ஏன் கேக்கிறன் எண்டா..."

"தெரியும். ஏன் கேக்கிறியள் எண்டு எனக்கு நல்லாத் தெரியும். நானும் உப்பிடித்தான் ரெண்டு கிழமை பாத்தனான். என்ன சொன்னாலும் அது இன்னொண்டாத் தெரியும்." அவளுடைய குரல் நடுங்கியது. குளிரால் என்று அவர் நினைக்கட்டும். "கொப்பி ஒண்டு இருந்தா எடுங்கோ. நான் எழுதிக் கையெழுத்து வைக்கிறன்."

விறாந்தையிலிருந்து தேவராஜா பேசினார்.

"எழுத வேண்டாம் தங்கச்சி. என்னைப் பற்றி எழுதின பேப்பர் முகாமில ஒரு அலுமாரி நிறையக் கிடக்கு. இன்னொண்டு வேண்டாம்."

 மேய்ச்சல் நிலத்திலிருந்து வந்த காற்று மூவருடைய காதையும் அறுத்தது. சிறிதரன் இருவரையும் மாறிமாறிப் பார்த்தார். பிறகு கைகளைக் கக்கத்துக்குள் வைத்துக்கொண்டு, "தேத்தண்ணி தருவியளோ? கால் விறைச்சுப்போச்சு," என்றார்.

உள்ளே வந்து ஹீற்றருக்கு முன்னால் இருந்து இரண்டு கோப்பை குடித்தார். கொட்டிலைப் போய்ப் பார்த்தார். புதுப் பம்புக்குத் தேவராஜா கம்பளியைக் கட்டியிருந்த விதத்தைத் தொட்டுப் பார்த்தார். மூன்று மணிக்குத் தனியேதான் திரும்பிப் போனார். போகும்போது வசந்தினியின் கையில் தன் இலக்கம் எழுதிய துண்டு ஒன்றை, மற்றவர்கள் பார்க்காதபடி, வைத்து அழுத்திவிட்டுப் போனார். அவள் அதை ஹீற்றருக்குள் போட்டாள்.

தேவராஜா இருந்தார். வேலைக்குப் போனார், வந்தார். இப்போது சாப்பாட்டு மேசையில் அவளோடு நேரடியாகவே பேசினார். ஆனால் அடுத்த கிழமையிலிருந்து ஒரு புதுப் பழக்கம் தொடங்கியது. எங்கே போனாலும், எதை எடுத்தாலும், கூடத்து வாசலில் நின்று சொல்லிவிட்டுத்தான் செய்தார்.

"தங்கச்சி, ரெண்டு விறகு எடுக்கிறன்."

"தங்கச்சி, வேலியடிக்குப் போறன். மனுசியோட கதைக்க. பத்து நிமிசத்தில வாறன்."

"தங்கச்சி, பேப்பர் நாலு தாள் எடுத்தனான். சப்பாத்துக்கு அடைக்க."

முதல் நாள் அவள் சிரித்தாள். இரண்டாம் நாள், அவர் தடுப்பிலும் இப்படித்தான் சொல்லிச் சொல்லி இருந்திருப்பார் என்று நினைத்தாள். அதன்பிறகு சிரிக்கவில்லை. அடுத்த செவ்வாய்க்கிழமை, யசோதரன் வேலைக்குப் போயிருந்தான். தேவராஜா பின்கதவடியில் சப்பாத்தை மாட்டிக்கொண்டு நின்றார்.

"தங்கச்சி, பின்வளவில கொஞ்சம் நடக்கப் போறன். கொட்டில் பக்கம் போகேல்ல."

"அண்ணை, நீங்கள் சொல்லத் தேவையில்லை. வெளியில ஏழு பாகை. உள்ளுக்க வந்து ஹீற்றரடியில இருங்கோ."

அவர் யோசித்தார். கூடத்தையும் அங்கே எரிந்த நெருப்பையும் பார்த்தார். இருக்க விருப்பம் என்று முகத்தில் தெரிந்தது.

"தம்பி வந்தாப்பிறகு இருக்கிறன்," என்றார்.

"அப்ப சொல்லாமலாவது போங்கோ."

"இல்லைத் தங்கச்சி," என்றார் தேவராஜா, மரியாதையாக. "சொல்லிப்போட்டே போறன்."

குளிர் உள்ளே வராதபடி கதவை நன்றாக இழுத்துச் சாத்திவிட்டுப் போனார்.